மைக்ரோவேவ் அடுப்பில் ஆபத்து எங்கே இருக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் புதிதாக ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வந்திருக்கிறது. வீட்டில் ஏழு மாதக் குழந்தை, பேஸ்மேக்கர் பொருத்திய அப்பா, அடுப்பு ஓடும்போது சமையலறைப் பக்கமே எட்டிப்பார்க்காத அம்மா. கதிர்வீச்சு வெளியே கசியுமா, எந்தப் பாத்திரத்தை உள்ளே வைக்கலாம், குழந்தைக்குப் பால் சூடுபடுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூலையில் கிடக்கும் பழைய அடுப்பு ஒன்று உள்ளே பொறி பறக்கவிடுகிறது, அதைக் கழற்றிப் பார்க்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பதுதான் பல ஆண்டுகள் என் பிழைப்பு. மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேராவது கதிர்வீச்சைப் பற்றிக் கேட்காமல் போனதில்லை. கேட்டவர்களின் கைகளையும் நான் கவனித்திருக்கிறேன். மணிக்கட்டில் ஒரு தழும்பு, விரல் நுனியில் ஒரு கொப்புளம், ஒருவருக்குக் கன்னத்திலேயே சுட்ட தடம். எல்லாம் ஆவியும் கொதிநீரும் செய்த வேலை. அதனால் என் பதிலில் கதிர்வீச்சை விடத் தண்ணீருக்குத்தான் கூடுதல் இடம் கிடைக்கும்.

பெயர் பற்றி ஒரு சொல். 'மைக்ரோவேவ் அவன்' என்று பலரும் எழுதுகிறார்கள். 'அவன் சூடாகிவிட்டான்' என்று யாராவது வாசித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் நான் 'அடுப்பு' என்றே எழுதுகிறேன். ஆனால் இது நாம் பழகிய அடுப்பு போன்றதே இல்லை. இங்கே நெருப்பும் கிடையாது, சூடேறிய கம்பியும் கிடையாது. மேக்னட்ரான் என்ற குழல் வினாடிக்கு 245 கோடி முறை அதிரும் மின்காந்த அலையை, அதாவது நுண்ணலையை, உண்டாக்கி, உலோகப் பெட்டிக்குள் அனுப்புகிறது. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகள் அந்த அலையின் திசைமாற்றத்தைப் பின்தொடர முயன்று, பக்கத்தில் இருப்பவற்றோடு மோதி, அந்த உரசலில் சூடாகின்றன. பாத்திரம் சூடாவதற்கு முன்பே உணவு சூடாவது இதனால்தான். ராடார் கருவிகளுக்காக 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் மேம்படுத்திய குழல் இது. அமெரிக்காவில் ரேத்தியான் நிறுவனத்தின் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945இல் ராடார் குழலின் அருகே நின்றபோது சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகியது என்றும், அதிலிருந்துதான் சமையல் யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம் இருந்தது, எடை ஏறத்தாழ 340 கிலோ. அதை வாங்கியவர்களுக்குக் கதிர்வீச்சை விட அதன் காலடியில் நிற்பதே பெரிய பயமாக இருந்திருக்கும்.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். குற்றம் பாதி நம் சொல்லில் இருக்கிறது. அணு உலையிலிருந்து வருவதையும் 'கதிர்வீச்சு' என்கிறோம், எக்ஸ்-கதிரையும் அப்படியே அழைக்கிறோம், விளக்கு வெளிச்சமும் வானொலி அலையும்கூட அறிவியலின் கணக்கில் அதே பெயரில்தான் வருகின்றன. இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. உடலின் மூலக்கூறுகளை உடைத்து மரபணுவைச் சிதைக்க எக்ஸ்-கதிருக்கு முடியும், ஏனென்றால் அதன் ஒவ்வொரு ஒளித்துகளும் அத்தனை ஆற்றலைச் சுமந்து வருகிறது. நுண்ணலையின் ஒரு துகள் சுமப்பது ஒரு வேதிப் பிணைப்பை உடைக்கத் தேவையானதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் முடிந்தது சூடேற்றுவது மட்டுமே. சுவிட்சை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்கிவிடாதது போலவே, அடுப்பு நின்றதும் அலையும் இல்லை. உணவுக்குள் அது 'ஏறி' உட்கார்ந்திருப்பதும் இல்லை.

அந்தச் சூடேற்றும் திறன் சாதாரணமானது என்று நான் சொல்லவில்லை. 800 வாட் நம் கண்ணின் மேல் பாய்ந்தால் கண்புரை வரும். கண்ணின் வில்லையில் ரத்த ஓட்டம் இல்லாததால் சூட்டை வெளியேற்ற வழி கிடையாது. ஆகவே அந்த 800 வாட்டைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பதில்தான் முழுப் பொறியியலும் இருக்கிறது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் பொடித்துளைகள் கொண்ட ஓர் உலோகத் தகடு தெரியும். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், துளையின் அகலமோ ஓரிரு மில்லிமீட்டர். வெளிச்சம் நுழைந்து வரும், நுண்ணலை வராது. கதவின் விளிம்புக்குள் அலையைத் திருப்பி அனுப்பும் ஒரு பள்ளமும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் வரம்பு, புதிய அடுப்பில் 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட், பழகிய அடுப்பின் ஆயுள் முழுவதும் 5 மில்லிவாட். அதுவும் 5 சென்டிமீட்டரில்! கையெட்டும் தூரத்துக்கு, அதாவது 50 சென்டிமீட்டருக்குப் போனால் அது ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்காதவரை அம்மா தாராளமாகச் சமையலறையில் நிற்கலாம்.

அப்பாவின் பேஸ்மேக்கர் விஷயம்: இன்றைய பேஸ்மேக்கர்கள் வெளி அலைகளிலிருந்து காக்கும் உறையோடு வருகின்றன. கதவு சரியாக மூடும் ஓர் அடுப்பைப் பயன்படுத்த அவருக்குத் தடை இல்லை. அவருடையது பல ஆண்டுகளுக்கு முன் வைத்தது என்றால் அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கைபேசியை அடுப்புக்குள் வைத்து அழைத்துப் பார்த்து, மணி அடித்தால் அடுப்பு கசிகிறது என்று முடிவு கட்டும் ஒரு சோதனை சுற்றிவருகிறது. அதை நம்பாதீர்கள். கோடிக்கணக்கான மடங்கு நலிந்த சமிக்ஞையையும் பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட கருவி கைபேசி. நல்ல அடுப்புக்குள்ளும் அது மணியடிக்கும். பழக்கதோஷத்தில் யாராவது பொத்தானை அழுத்திவிட்டால் கைபேசியும் போகும், பேட்டரி தீப்பிடித்து அடுப்பும் போகும். அடுப்பு ஓடும்போது வைஃபை தடுமாறுவதும் பலரைப் பயமுறுத்துகிறது. வைஃபையின் ஒரு வகையும் அடுப்பும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபை பேசுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு சக்தியில். அனுமதிக்கப்பட்ட துளிக் கசிவே அதன் காதருகே கத்துவதற்குப் போதும், உங்கள் உடலுக்கு அது ஒன்றுமில்லை.

கதவைப் பற்றி நான் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது புதிரான துடிப்புகள் பதிவாகிவந்தன. எங்கிருந்து வருகின்றன என்பது 2015இல்தான் தெரிந்தது. பக்கத்துக் கட்டடத்தில் பணியாளர்கள் பயன்படுத்திய மைக்ரோவேவ் அடுப்பு! நேரம் முடியும் வரை காத்திருக்கப் பொறுமையின்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்த நேரங்களில், மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தின் சிறு துடிப்பு வெளியே தப்பியிருக்கிறது. கதவைத் திறந்தால் அலை நிற்கும்படி உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட சுவிட்சுகள் இருக்கின்றன, ஆகவே அப்படித் திறந்தவர்களுக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவிட்சுகளின் மேல் வேலையைச் சுமத்தினால் அவற்றின் முனைகள் தேய்ந்து கருகும். நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத் திறக்கும் பழக்கம் அடுப்பின் ஆயுளுக்கு நல்லது.

கதிர்வீச்சு பற்றி உண்மையாகவே பார்க்க வேண்டியது கதவு ஒன்றைத்தான். கீழே விழுந்து கதவு கோணியிருந்தால், கீல் தளர்ந்து ஆடினால், கொக்கி உடைந்திருந்தால், கண்ணாடி விரிசல் விட்டிருந்தால், விளிம்பில் துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தால், கதவு திறந்த பிறகும் ஓடினால், அந்த அடுப்பைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள். கதவு விளிம்பில் உறைந்த உணவுப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்கும் துணியைக் கதவிடுக்கில் மாட்டிவிட்டு மூடுவதும் கூடாது.

இனி தண்ணீர். ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்துச் சூடாக்குகிறீர்கள். வெளியே எடுக்கும்போது குமிழ் ஒன்றும் இல்லை, அசைவில்லை, பார்த்தால் கொதித்ததாகவே தெரியவில்லை. காப்பித்தூளையோ தேயிலைப் பையையோ போட்ட நொடியில் கோப்பையே சீறிக்கொண்டு முகத்துக்கு எழும்புகிறது. கன்னத்தில் தழும்போடு வந்தவர் சொன்ன கதை இதுதான். அடுப்பில் ஏதோ கோளாறு, அதனால்தான் தண்ணீர் வெடித்தது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அடுப்பில் ஒரு குறையும் இல்லை.

சாதாரண அடுப்பில் பாத்திரத்தின் அடி நீரை விடச் சூடாக இருக்கும். அடியிலுள்ள கீறல்களில் குமிழ்கள் பிறக்கும், மேலே வரும், நீர் புரளும். கொதிக்கிறது என்று கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். நுண்ணலையில் நீர்தான் முதலில் சூடாகிறது. கோப்பை வழவழப்பான கண்ணாடியோ பீங்கானோ ஆக இருந்தால் குமிழ் பிறக்க இடமே இல்லை. அதனால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். தூள் விழுந்தாலும், கரண்டி பட்டாலும், சில நேரம் கோப்பையை ஆட்டினாலுமே போதும், தேங்கிய சூடு முழுவதும் ஒரே கணத்தில் ஆவியாகிச் சீறும். ஒருமுறை சூடாக்கி ஆறிய நீரை மறுபடி சூடாக்குவது இன்னும் மோசம். அதில் கரைந்திருந்த காற்று முதல் தடவையிலேயே போய்விட்டது, குமிழுக்கு விதையாக எதுவும் மிச்சமில்லை.

தடுப்பது எளிது. சூடாக்கும் முன்பே நீருக்குள் ஒரு மரக்குச்சியையோ மரக்கரண்டியையோ போட்டு வையுங்கள், அதன் சொரசொரப்பில் குமிழ்கள் பிறக்கும். சர்க்கரையோ தூளோ போட வேண்டியிருந்தால் சூடாக்குவதற்கு முன் போடுங்கள். ஒரு கோப்பைக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் போதும் என்றால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஐந்து நிமிடம் வைக்காதீர்கள். நின்ற பிறகு ஒரு நிமிடம் உள்ளேயே விட்டுவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, நீண்ட கரண்டியால் கிளறிவிட்டு எடுங்கள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு பழக்கம் காப்பாற்றும் முகங்கள் அதிகம்.

முட்டையும் இதே குடும்பம்தான். ஓட்டோடு வைத்தால் வெடிக்கும் என்பது பலருக்கும் தெரியும். அவித்து உரித்த முட்டையை மறுபடி சூடாக்குவது அதைவிடத் தந்திரமான ஆபத்து. மஞ்சள் கருவுக்குள் சிறு சிறு நீர்ப்பைகள் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறி அமைதியாகக் காத்திருக்கும். பல் பட்டதும் வாய்க்குள் வெடிக்கும். சூடாக்கியே ஆக வேண்டும் என்றால் துண்டு துண்டாக நறுக்குங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, தொத்திறைச்சி போலத் தோல் உள்ள எதையும் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு வையுங்கள். இறுக மூடிய புட்டி, திருகு மூடி போட்ட டப்பா எதுவும் உள்ளே போகக் கூடாது. உணவை மூட வேண்டும், ஆவி வெளியேற வழியும் விட வேண்டும். திறக்கும்போது மூடியின் எதிர்ப்பக்கத்தை முதலில் தூக்குங்கள், ஆவி உங்களை விட்டு விலகிப் போகட்டும். மணிக்கட்டுத் தழும்புகள் எல்லாம் மூடியைத் தன் பக்கமாகத் திறந்தவர்களுடையவை. இன்னொன்று, காய்ந்த மிளகாயை இதில் வறுக்க முயலாதீர்கள். கதவைத் திறந்ததும் எழும் நெடியில் வீடே இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடும்.

சுடுவதில் உள்ள ஆபத்தைச் சொன்னேன். சுடாமல் விடுவதில் உள்ள ஆபத்து மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. பெட்டிக்குள் அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலக்கும்போது சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் ஓய்ந்தும் போகின்றன. தட்டு சுழல்வது இதைச் சமன்செய்யத்தான், ஆனாலும் முழுமையாகச் சமன்செய்ய முடிவதில்லை. அலை உணவுக்குள் நுழைவது இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர்தான். 'உள்ளிருந்து வெளியே வேகிறது' என்பது வெறும் பேச்சு. நடுப்பகுதிக்குச் சூடு மெல்லப் பரவித்தான் போக வேண்டும். அதனால் ஓரம் கொதிக்கும்போது நடுவில் கிருமிகள் சுகமாக வாழும் வெதுவெதுப்பு மட்டுமே இருக்கலாம்.

பாதி நேரத்தில் நிறுத்தி நன்றாகக் கிளறுங்கள், கிளற முடியாததைத் திருப்பிப் போடுங்கள். தட்டின் நடுவில் குவிக்காமல் வளையம்போல ஓரமாகப் பரப்புங்கள். நின்ற பிறகு இரண்டு மூன்று நிமிடம் மூடியபடியே விடுங்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அந்தக் காத்திருப்பு நேரமும் சமையலின் பகுதிதான், சூடு பரவி முடிவது அப்போதுதான். மீந்த உணவு எல்லாப் பகுதியிலும் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. ஒரு சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், என் அனுபவத்தில் இந்த அடுப்போடு வாங்க வேண்டிய முதல் துணைக்கருவி அதுதான். சோறு பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. வெளியே பல மணி நேரம் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. அதைக் காப்பாற்ற மைக்ரோவேவால் முடியாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தால்தான் மறுநாள் சூடாக்கிச் சாப்பிடலாம்.

உறைந்த உணவில் இந்தச் சமனின்மை உச்சத்துக்குப் போகிறது. பனிக்கட்டிக்குள் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் அது நுண்ணலையை அதிகம் உறிஞ்சுவதில்லை, திரவ நீர் உறிஞ்சித் தள்ளுகிறது. முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூட்டை இழுத்துக்கொள்ள, நடுப்பகுதி கல்லாகவே நிற்கும். உறைநீக்கும் முறையில் அடுப்பு விட்டு விட்டு ஓடுவது கோளாறு அல்ல, இடைவெளியில் சூடு உள்ளே பரவத்தான். அப்படி உருக்கிய இறைச்சியை உடனே சமைத்துவிடுங்கள். ஓரங்கள் ஏற்கெனவே பாதி வெந்திருக்கும், அதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று வைக்கக் கூடாது.

இந்தச் சமனின்மைதான் உங்கள் குழந்தை பற்றிய கேள்விக்கும் பதில். பால்புட்டியை இதில் சூடாக்க வேண்டாம். புட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், நடுவிலுள்ள பால் வாயைப் பொத்துப்போகச் செய்யும் அளவுக்குக் கொதித்திருக்கும். எடுத்து வைத்த தாய்ப்பால் என்றால் நோய் எதிர்ப்புப் பொருள்களும் அந்தச் சூட்டில் அழியும். வெந்நீர் நிரப்பிய கிண்ணத்தில் புட்டியைச் சில நிமிடம் நிறுத்தி, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். நள்ளிரவில் அழும் குழந்தையோடு இது சிரமம் என்பதை நான் அறிவேன். ஒரு குடுவையில் வெந்நீரைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கூழ், மசித்த காய் இவற்றைச் சூடாக்கினால் நன்றாகக் கிளறி, நீங்கள் ருசித்துப் பார்த்த பிறகே ஊட்டுங்கள்.

பாத்திரம். எவர்சில்வரும் அலுமினியமும் வேண்டாம் என்பது ஊரறிந்தது. அலை உலோகத்துக்குள் நுழையாது, உணவு சூடாகாது. கூர்மையான விளிம்பிலும் கசங்கிய அலுமினியத் தாளின் மடிப்பிலும் மின்புலம் குவிந்து பொறி பறக்கும். மறந்துபோகும் உலோகங்கள்தான் தொல்லை. பீங்கான் தட்டின் தங்கக் கரை, பொட்டலத்தைக் கட்டிய கம்பி, தேயிலைப் பையின் ஊக்கு, காகிதக் கோப்பைக்குள் ஒட்டியிருக்கும் உலோகப் பூச்சு. சில கேரட் துண்டுகளும்கூடப் பொறிவிடும், பயந்துவிடாதீர்கள். பாதியாக வெட்டிய திராட்சை தீக்கொழுந்து விடுவதன் காரணத்தைக் கனடாவின் இயற்பியலாளர்கள் 2019இல் ஆய்வுக்கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். நீர் நிறைந்த அந்தச் சிறு உருண்டைகள் நுண்ணலையைத் தமக்குள் பிடித்து, இரண்டும் தொடும் புள்ளியில் குவிக்கின்றன. படித்து ரசியுங்கள், செய்து பார்க்காதீர்கள்.

பிளாஸ்டிக்கில்தான் நான் கொஞ்சம் கறார். 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்ற முத்திரை, பாத்திரம் உருகாது, வேதிப்பொருள் வரம்புக்கு மேல் கசியாது என்பதைச் சொல்கிறதே தவிர, எதுவுமே உணவில் சேராது என்று உறுதியளிப்பதில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், சில பிளாஸ்டிக் கொள்கலன்களை மூன்று நிமிடம் சூடாக்கியபோது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்துகள்களும் 200 கோடிக்கும் மேற்பட்ட மீநுண்துகள்களும் வெளியேறக்கூடும் என்று கண்டார்கள். அவை உடலுக்குள் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயம். கண்ணாடிக் கிண்ணம் இருக்கும்போது எதற்கு அந்தச் சோதனையில் நாமும் ஒரு பாத்திரமாக வேண்டும்? கடையிலிருந்து உணவு வரும் மெல்லிய டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, தெர்மாகோல் தட்டு எதையும் உள்ளே வைக்காதீர்கள். எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த உணவு 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், பிளாஸ்டிக் இளகுவது அங்கேதான். பீங்கான்போலத் தோன்றும் மெலமைன் தட்டுகளும் கூடாது. 70 டிகிரிக்கு மேல் அவற்றிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் உணவில் கலக்கலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

பாத்திரம் பற்றி ஐயம் வந்தால் அதைக் காலியாக உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் நல்லது. பாத்திரமே சூடானால் அது அலையை உறிஞ்சுகிறது, வேண்டாம். உலோகம் கலந்ததாகத் தெரிந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். தண்ணீர்க் கோப்பையைத் தவிர்த்துவிடாதீர்கள். உள்ளே உறிஞ்ச எதுவும் இல்லாதபோது அலை திரும்பி மேக்னட்ரானையே சுடும். அடுப்பை வெறுமையாக ஓட்டக் கூடாது என்பதும் இதனால்தான். குழந்தைகள் பொத்தானை அமுக்கி விளையாடும் வீடு என்றால் பூட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் சுவிட்சை அணைத்தே வையுங்கள்.

உங்களுடையது வெப்பக்காற்றும் கிரில்லும் சேர்ந்த அடுப்பு என்றால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. வெப்பக்காற்று முறையில் உலோகத் தட்டு வைக்கலாம், பிளாஸ்டிக் வைத்தால் உருகி ஒட்டும். நுண்ணலை முறையில் நேர் எதிர். கூடவே கொடுத்த கம்பி நிலைத்தட்டை எந்த முறையில் வைக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்து, அடுப்பின் பக்கவாட்டில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். வெப்பக்காற்றில் ஓடிய பிறகு உட்சுவர் முழுவதும் சுடும். நுண்ணலைக்குப் பழகிய கை உறையின்றி உள்ளே போய்விடும்.

தீ. நுண்ணலையில் தீப்பிடிப்பது பெரும்பாலும் வறண்ட, சிறிய, மறக்கப்பட்ட பொருள்களால்: பாப்கார்ன் பை, காயவைக்கப் போட்ட இலைகள், பூண்டுப் பற்கள், கிருமி போகட்டும் என்று உலர்ந்தபடியே வைத்த பஞ்சு. நீர் தீர்ந்ததும் கருகத் தொடங்கும், கருகிய கரி இன்னும் வேகமாக அலையை உறிஞ்சும். செய்தித்தாளிலும் மறுசுழற்சிக் காகிதத்திலும் உலோகத் துணுக்கு இருக்கலாம், உணவைச் சுற்ற அவை உதவா. பொரிப்பதற்கு எண்ணெய் காய்ச்ச ஒருபோதும் இதைப் பயன்படுத்தாதீர்கள், சூட்டைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. உள்ளே தீயைக் கண்டால் கதவைத் திறக்காதீர்கள். அது கடினம்தான், கை தானாகவே கதவுக்குப் போகும். சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு நில்லுங்கள். காற்று கிடைக்காமல் பெரும்பாலும் தானே அடங்கும். அடங்கவில்லை என்றால் வீட்டாரோடு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. தோளுக்கு மேல் உயரத்தில் வைத்தால் கொதிக்கும் கிண்ணம் தலைக்கு மேலிருந்து இறங்கும், குழந்தை இழுக்கும் உயரத்தில் வைத்தாலும் ஆபத்து. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட மேடை சரி. காற்றோட்டத் துளைகளைச் சுவரோ துணி விரிப்போ மூடக் கூடாது. 800 வாட் சமைக்கும் அடுப்பு மின்சாரத்திலிருந்து இழுப்பது ஏறத்தாழ 1200 வாட். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் வேறு சாதனத்தோடு சேர்த்து மாட்டாதீர்கள், தரை இணைப்புள்ள தனிச் சாக்கெட் கொடுங்கள்.

கடைசியாக, பொறிவிடும் பழைய அடுப்பு. உட்சுவரில், பெரும்பாலும் வலப்பக்கம், அட்டைபோல ஒரு சாம்பல்நிறத் தகடு இருக்கும். மைக்கா தகடு. அலை உள்ளே வரும் வாசலை உணவுத் தெறிப்பிலிருந்து காப்பதற்காக வைத்தது. 'பொட்டலத்தோடு வந்த அட்டை' என்று நினைத்துப் பிய்த்து எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தெறித்து ஊறிக் கருகினால் அங்கிருந்துதான் பொறி கிளம்பும். பிளக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கருகிய புள்ளி இருந்தால் அதே அளவுத் தகடு வாங்கி மாற்றிவிடலாம், உள்ளிருந்தே கழற்ற முடிவதாக இருந்தால் திறமை அதிகம் தேவையில்லை. உட்சுவரில் பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தாலும் பொறி வரும். அங்கே வீட்டில் கிடக்கும் சாதாரணச் சாயத்தைப் பூசாதீர்கள், இந்த அடுப்புக்கான பூச்சு தனியாக இருக்கிறது.

வெளி மூடியின் திருகுகளில் மட்டும் கைவைக்காதீர்கள். உள்ளே மேக்னட்ரானுக்குப் போவது உச்சத்தில் ஏறத்தாழ 4000 வோல்ட். அதை உண்டாக்க உதவும் கெப்பாசிட்டர், பிளக்கை எடுத்த பிறகும் கொல்லும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அதை வடிக்க உள்ளேயே ஒரு சிறு மின்தடை இருக்கும்தான். அது எப்போது பழுதாகும் என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அடுப்பின் மின்மாற்றியைக் கழற்றி மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கும் விளையாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. தொழிலில் இருந்த காலம் முழுவதும், மூடியைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காப்பிட்ட கருவியால் அந்தக் கெப்பாசிட்டரை வடிப்பதுதான், பிளக்கை எடுத்து எத்தனை நாள் ஆகியிருந்தாலும் சரி. தகட்டை மாற்றியும் பொறி நிற்கவில்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவர் திறக்கும் முன், கதவு மூடிய நிலையில் கசிவுமானியால் ஒருமுறை சுற்றி அளந்து காட்டச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் நின்று அந்த எண்ணைப் பார்க்கட்டும்.